தேர்தல் வந்தது, ஆட்சி வரவில்லை: ஓஹியோ பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் அமெரிக்க மாநிலங்கள் உருவான விதம் பற்றி எழுதியபோது, ‘ஓஹியோ மாநிலமாவதற்கு நாலு வருஷம் முன்பே அங்கே சட்டமன்றத் தேர்தல் நடந்துவிட்டது’ என்று ஒரு வரி போட்டிருந்தோம். தேர்தல் நடந்த பிறகும் சுயாட்சிக்குப் போராட என்ன இருக்கிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்த நாலு வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது என்பதால், இந்த முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: வடமேற்கு டெரிட்டரி என்பது எந்தப் பகுதி? அங்கே சட்டமன்றம் வர அத்தனை காலம் ஏன் ஆனது?

பதில்: டெரிட்டரி என்றால் இன்னும் மாநிலமாகாமல் மத்திய அரசின் கீழ் இருந்த பகுதி. ஓஹியோ ஆற்றுக்கு வடக்கே, மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே, பேரேரிகள் வரை கிடந்த நிலம் அது. இன்றைய ஓஹியோ, இந்தியானா, இல்லினாய், மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய ஐந்து மாநிலங்களும் மின்னசோட்டாவின் ஒரு பகுதியும் அதற்குள் அடக்கம். 1787 ஜூலை 13 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. அதில் மூன்று படிகள் இருந்தன.

முதல் படியில் தேர்தலே கிடையாது. வெளியிலிருந்து நியமிக்கப்பட்ட கவர்னர், ஒரு செயலாளர், மூன்று நீதிபதிகள், அவ்வளவுதான் அரசாங்கம். கவர்னரும் நீதிபதிகளும் சேர்ந்து சட்டம் போடலாம். ஆனால் சொந்தமாக எழுதக்கூடாது, பழைய மாநிலங்களின் சட்டங்களிலிருந்து பொருத்தமானதை எடுத்துக்கொள்ள வேண்டும். வயது வந்த, அடிமையல்லாத ஆண்கள் 5,000 பேர் சேர்ந்தால் இரண்டாம் படி: தேர்ந்தெடுத்த சட்டமன்றம். உத்தேசிக்கப்பட்ட ஒரு மாநிலப் பகுதிக்குள் அடிமையல்லாத மக்கள் 60,000 பேர் சேர்ந்தால் மூன்றாம் படி: முழு மாநிலம்.

அந்த 5,000 பேர் சேர 11 வருஷம் ஆனதற்குக் காரணம் போர். நிலத்துக்கு உரியவர்களான மயாமி, ஷானி, டெலவேர் முதலிய பழங்குடிகள் எதிர்த்து நின்றார்கள். 1791 நவம்பர் 4 அன்று கவர்னர் ஆர்தர் செயின்ட் கிளேர் தானே நடத்திச் சென்ற படை 600 பேருக்கு மேல் இழந்து சிதறியது. 1794-ல் ஃபாலன் டிம்பர்ஸ் போரில் நிலைமை மாறி, 1795-ல் கிரீன்வில் ஒப்பந்தம் ஆன பிறகுதான் குடியேறிகள் திரளாக வந்தார்கள். 1798 அக்டோபரில் கவர்னர் 5,000 பேர் ஆகிவிட்டார்கள் என்று பிரகடனம் செய்தார். டிசம்பரில் தேர்தல்.

கேள்வி: யார் ஓட்டுப் போடலாம், யார் போட்டியிடலாம் என்பதற்கு என்ன விதி?

பதில்: எல்லாம் நிலக்கணக்கு. ஓட்டுப் போட சொந்தப் பட்டாவில் 50 ஏக்கர் வேண்டும். கூடவே ஏதாவது ஒரு மாநிலத்தின் குடிமகனாக இருந்து இங்கே குடியிருக்க வேண்டும். அல்லது இரண்டு வருஷமாவது இங்கே வசித்திருக்க வேண்டும். கீழவைக்குப் போட்டியிட 200 ஏக்கர், மேலவைக்கு 500 ஏக்கர். கவர்னராக இருப்பவருக்கே 1,000 ஏக்கர் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது.

காடு நிறைய நிலம் கிடக்கிற ஊரில் 50 ஏக்கர் பெரிய விஷயமா என்று தோன்றும். சிக்கல் அளவில் இல்லை, விற்கும் முறையில் இருந்தது. 1796 நிலச் சட்டப்படி அரசு விற்ற மிகச் சிறிய துண்டு 640 ஏக்கர், ஏக்கர் 2 டாலர். அதாவது 1,280 டாலர் திரட்ட முடியாதவன் அரசிடம் நிலம் வாங்கவே முடியாது. மொத்தமாக வாங்கிக் கூறுபோட்டு விற்பவர்களிடம்தான் போக வேண்டும். அங்கேயும் பத்திரம் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. சின்சினாட்டிப் பக்கம் ஜான் கிளீவ்ஸ் சிம்ஸ் என்ற நீதிபதி, பத்து லட்சம் ஏக்கருக்கு ஒப்பந்தம் போட்டு, 1794-ல் சுமார் 3,11,000 ஏக்கருக்கு மட்டும் பட்டா பெற்றார். ஆனால் அந்த எல்லைக்கு வெளியிலும் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் காசு கொடுத்து வாங்கி, மரம் வெட்டி, வீடு கட்டியவர்களின் கையில் செல்லுபடியாகும் பட்டா இல்லை. பட்டா இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அவர் 50 ஏக்கர்காரர் இல்லை. இந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். வாக்காளர் பட்டியலைத் தீர்மானித்தது நில அளவை ஆபீசு என்றே சொல்ல வேண்டும்.

கேள்வி: சட்டமன்றம் எப்படி அமைந்தது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதில்: 500 ஆண்களுக்கு ஒரு உறுப்பினர் என்பது கணக்கு. அந்த வகையில் கீழவைக்கு 22 பேர் வந்தார்கள். சின்சினாட்டி இருந்த ஹாமில்டன் மாவட்டத்துக்கு 7, சில்லிகாத்தி இருந்த ராஸ் மாவட்டத்துக்கு 4, டெட்ராய்ட் இருந்த வேய்ன் மாவட்டத்துக்கு 3. மிசிசிப்பிக் கரையில் பழைய பிரெஞ்சுக் குடியிருப்புகள் இருந்த செயின்ட் கிளேர், ராண்டால்ஃப் மாவட்டங்களுக்குத் தலா 1.

மேலவைக்கு ஓட்டே கிடையாது. 22 பேரும் 1799 பிப்ரவரி 4-ல் சின்சினாட்டியில் கூடி, 500 ஏக்கர் உள்ள பத்துப் பேரின் பெயரை எழுதி அனுப்ப வேண்டும். அதிலிருந்து ஐந்து பேரை ஜனாதிபதி நியமிப்பார். அன்று ஜான் ஆடம்ஸ் ஜனாதிபதி. அந்த வேலையை முடித்துவிட்டு எல்லோரும் ஊர் திரும்பி, மறுபடி செப்டம்பர் 16-க்கு வரச் சொல்லி உத்தரவு. டெட்ராய்ட்டிலிருந்து சின்சினாட்டி இன்றைய சாலையில் 400 கிலோமீட்டருக்கு மேல். அன்று அது காட்டு வழி, இடையில் பெரும் சதுப்பு நிலம் வேறு. குறித்த நாளில் கூட்டம் நடத்தத் தேவையான அளவு உறுப்பினர்கள் சேரவில்லை, மேலும் சில நாள் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதில் வியப்பில்லை. கீழவைத் தலைவராக எட்வர்ட் டிஃபின் தேர்வானார். ராஸ் மாவட்டத்துக்காரர்; மருத்துவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள்.

கேள்வி: மக்கள் தேர்ந்தெடுத்த சபை வந்த பிறகு கவர்னரோடு என்ன தகராறு?

பதில்: கவர்னருக்கு முழு வீட்டோ, அதாவது சபை நிறைவேற்றியதை நிராகரிக்கும் அதிகாரம், இருந்தது. மூன்றில் இரண்டு பங்கு சேர்ந்து அதை முறியடிக்கும் வழி அமெரிக்க அரசியல் சட்டத்தில் உண்டு, இந்த டெரிட்டரிச் சட்டத்தில் கிடையாது. சபையைக் கூட்டுவதும் ஒத்திவைப்பதும் கலைப்பதும்கூட அவர் கையில்.

முதல் கூட்டத்தொடரில் 30 மசோதாக்கள் நிறைவேறின. 11-ஐ செயின்ட் கிளேர் நிராகரித்தார். நிராகரித்தவற்றில் முக்கியமானவை புதிய மாவட்டங்கள் அமைக்கும் மசோதாக்கள். மாவட்டம் பிரிப்பது என் அதிகாரம், சபைக்கு அதில் வேலையில்லை என்றார். இது வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை. மாவட்டத் தலைநகர் எங்கே வருகிறதோ அங்கே நீதிமன்றம், பதிவு அலுவலகம், சாலை, மனை விலை எல்லாம் வரும். மாவட்ட அதிகாரிகளை நியமிப்பதும் கவர்னரே. ஆக, மாவட்டம் பிரிக்கிற கை எதுவோ, அதுவே உள்ளூரின் செல்வாக்கையும் பங்கிட்டது. சபைக்காரர்கள் கொதித்ததில் முழு நியாயம் இருந்தது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: டெரிட்டரியின் சார்பில் காங்கிரஸுக்குப் போன பிரதிநிதிக்கு ஓட்டுரிமையே இல்லை என்கிறார்களே. பிறகு அந்தப் பதவியால் என்ன பயன்?

பதில்: பேசலாம், ஓட்டுப் போட முடியாது. ஆனாலும் முதல் ஆள் பெரிய காரியம் செய்தார். 1799 அக்டோபரில் இரு அவைகளும் சேர்ந்து 26 வயது வில்லியம் ஹென்றி ஹாரிசனை அனுப்பின. அவருக்கு 11 ஓட்டு, எதிர்த்து நின்ற ஆர்தர் செயின்ட் கிளேர் ஜூனியருக்கு 10. ஆமாம், கவர்னரின் மகன்தான்.

ஹாரிசன் முன்னின்று கொண்டுவந்த 1800 நிலச் சட்டம், குடியேறியின் கணக்கையே மாற்றியது. மிகச் சிறிய துண்டு 320 ஏக்கராகக் குறைந்தது. விலை அதே 2 டாலர். ஆனால் மொத்தத் தொகையான 640 டாலரில் கால் பங்கு, அதாவது 160 டாலர், 40 நாளுக்குள் கட்டினால் போதும். மீதி மூன்று தவணையாக 2, 3, 4 வருஷ முடிவில், 6 சதவீத வட்டியோடு. விற்பனைக்கு சின்சினாட்டி, சில்லிகாத்தி, மரியெட்டா, ஸ்டூபன்வில் நான்கு ஊர்களிலும் நில அலுவலகங்கள். பின்னாளில் கோளாறு வந்தது தவணையால்தான்: விளைச்சல் விலை விழுந்த வருஷங்களில் ஆயிரக்கணக்கானோர் கட்ட முடியாமல் திணறினார்கள். 1820-ல் கடன் முறையையே எடுத்துவிட்டு, 80 ஏக்கர், ஏக்கர் 1.25 டாலர், ரொக்கம் என்று மாற்றினார்கள்.

கேள்வி: மாநிலமாவதைத் தடுக்கக் கவர்னர் எல்லைக் கோட்டையே மாற்றப் பார்த்தார் என்று படித்தேன். அது எப்படி?

பதில்: 60,000 பேர் என்ற எண்ணிக்கையை வைத்து ஆடிய ஆட்டம் அது. 1800-ல் காங்கிரஸ் டெரிட்டரியை இரண்டாக்கி மேற்குப் பகுதியை இந்தியானா ஆக்கியது. மிஞ்சிய கிழக்குப் பகுதியில் இன்றைய ஓஹியோவின் மக்கள்தொகை அந்த வருஷக் கணக்கெடுப்பில் 45,365. இப்படியே விட்டால் சில ஆண்டுகளில் 60,000 ஆகிவிடும்.

ஆகவே செயின்ட் கிளேர் தரப்பு, நடுவில் ஓடும் சயோட்டோ ஆற்றையே எல்லையாக்கச் சொன்னது. வரைபடத்தை விரித்து அந்த ஆற்றின் மீது விரலை வையுங்கள். ஓஹியோ இரண்டு துண்டாகிறது. இரண்டிலும் மக்கள்தொகை பாதி. மாநில அந்தஸ்து இரண்டுக்குமே பல வருஷம் தள்ளிப்போகும். சயோட்டோவின் மேற்குக் கரையில் இருக்கும் சில்லிகாத்தி எல்லையோரக் கிராமமாகிவிடும். மரியெட்டாவும் சின்சினாட்டியும் ஆளுக்கொரு தலைநகர் ஆகலாம். அந்த இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்து 1801 டிசம்பரில் சபையிலேயே இதை நிறைவேற்றினார்கள். சில்லிகாத்தித் தெருவில் கூட்டம் கூடிக் கலவரம் ஆகப் பார்த்தது. மாநிலம் வேண்டும் என்ற தரப்பின் தாமஸ் வொர்திங்டன் வாஷிங்டனுக்கே போய்க் காங்கிரஸ் உறுப்பினர்களைப் பார்த்துப் பேசினார். 1802 ஜனவரியில் பிரதிநிதிகள் சபை அந்தத் திட்டத்தை 81-க்கு 5 என்று தள்ளியது.

மாநிலமாவதை எதிர்த்தவர்கள் சொன்ன ஒரு காரணத்தில் மட்டும் உண்மை உண்டு. டெரிட்டரியாக இருக்கும்வரை கவர்னர், நீதிபதிகள் சம்பளம் மத்திய அரசின் செலவு. மாநிலமானால் அது உள்ளூர் வரி.

கேள்வி: 60,000 பேர் சேராமலே மாநிலம் கிடைத்தது எப்படி?

பதில்: பொது நன்மைக்கு உகந்தது என்று கருதினால் குறைந்த எண்ணிக்கையிலும் சேர்க்கலாம் என்று 1787 சட்டத்திலேயே இடம் இருந்தது. ஆடம்ஸுக்கு அடுத்து ஜனாதிபதியான ஜெஃபர்சனின் தரப்பு வாஷிங்டனில் ஆட்சிக்கு வந்ததும் அந்த வாசல் திறந்தது. 1802 ஏப்ரல் 30 சட்டப்படி 1,200 பேருக்கு ஒருவர் என்று 35 பேர் அரசியல் சட்ட மாநாட்டுக்குத் தேர்வாக வேண்டும். இந்தத் தேர்தலில் 50 ஏக்கர் நிபந்தனை போய், வரி கட்டிய ஒரு வருஷக் குடியிருப்புக்காரருக்கு ஓட்டு என்று ஆனது.

சும்மா கொடுக்கவில்லை. அரசு விற்கும் நிலத்துக்கு ஐந்து வருஷம் மாநிலம் வரி போடக்கூடாது என்று காங்கிரஸ் கேட்டது. பதிலுக்கு மூன்று: உப்பு ஊற்றுகள், நில விற்பனையின் நிகர வருமானத்தில் இருபதில் ஒரு பங்கு சாலைக்கு, ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16-ஆம் எண் துண்டு பள்ளிக்கு. டவுன்ஷிப் என்பது ஆறு மைல் சதுரம். அதை ஒரு மைல் சதுரமாக 36 துண்டாக்கி, 1796 முறைப்படி வடகிழக்கு மூலையில் 1 என்று தொடங்கி மேற்கே 6 வரை போய், அடுத்த வரிசையில் மாடு திரும்புகிற மாதிரி கிழக்கே 12 வரை வந்து, மீண்டும் திரும்பி எண் போடுவார்கள். அப்படிப் போட்டால் 16 நடுவை ஒட்டி விழும். எங்கே குடியிருந்தாலும் பள்ளி நிலம் ரொம்ப தூரத்தில் இருக்காது.

நவம்பர் 1-ல் சில்லிகாத்தியில் மாநாடு கூடியது. தலைவர் அதே டிஃபின். மாநாட்டில் பேசிய செயின்ட் கிளேர் காங்கிரஸின் சட்டமே செல்லாது என்றார். மாநிலம் வேண்டுமா என்று ஓட்டெடுத்தபோது 32 பேர் ஆதரவு, ஒரே ஒருவர் எதிர்ப்பு. அந்தப் பேச்சுக்காக ஜெஃபர்சன் கவர்னரைப் பதவியிலிருந்து நீக்கினார். நவம்பர் 29-ல் அரசியல் சட்டம் தயார்.

அதில் கவர்னருக்கு வீட்டோ அறவே இல்லை. 1799-ல் பட்ட சூடு! நீதிபதிகளைக்கூட சட்டமன்றமே ஏழு வருஷத்துக்கு நியமிக்கும். விளைவு, சட்டமன்றத்தைத் தட்டிக்கேட்க ஆளில்லாமல் போனது. அது இயற்றிய சட்டம் ஒன்றைச் செல்லாது என்ற நீதிபதிகள் மீதே 1808-09-ல் பதவி நீக்க விசாரணை நடந்தது. ஓஹியோ கவர்னருக்கு வீட்டோ கிடைத்தது 1903-ல்.

கேள்வி: ஓஹியோ 1953-ல்தான் மாநிலமானது என்று ஒரு துணுக்கு படித்தேன். உண்மையா?

பதில்: இல்லை. முதல் மாநிலச் சட்டமன்றம் கூடிய 1803 மார்ச் 1-தான் நாள். ஆனால் சேர்த்துக்கொண்டோம் என்று காங்கிரஸ் தனித் தீர்மானம் எதுவும் அன்று போடவில்லை. 1953 ஆகஸ்டில் அந்தக் குறையை முன்தேதியிட்டு நிவர்த்தி செய்தார்கள்.

கேள்வி: இந்தச் சுயாட்சியில் பழங்குடிகளுக்கும் கறுப்பின மக்களுக்கும் பங்கு இருந்ததா?

பதில்: இல்லை. பழங்குடிகளின் நிலத்தை அவர்கள் சம்மதமின்றி எடுக்கக்கூடாது என்று 1787 சட்டத்தின் மூன்றாம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. போரில் தோற்ற பின் கிரீன்வில்லில் பெற்ற கையெழுத்து எந்த வகைச் சம்மதம் என்று கேட்காமல் இந்தத் தேர்தல் வரலாற்றை எழுதக்கூடாது. 5,000 என்ற கணக்கு எட்டியதே அந்த நிலத்தில் குடியேறியவர்களால்.

அடிமை முறையை அதே சட்டத்தின் ஆறாம் பிரிவு தடுத்தது. 1802 அரசியல் சட்டமும் தடுத்தது. ஓட்டு வேறு கதை. அப்போது அங்கே குடியிருந்த கறுப்பின ஆண்களுக்கு ஓட்டு என்று மாநாடு முதலில் 19-க்கு 15 என்று ஒப்புக்கொண்டது. சில நாளில் அதை மறுபடி எடுத்தார்கள். 17-க்கு 17 என்று நின்றபோது தலைவர் டிஃபின் எதிராக ஓட்டுப் போட்டார். வாக்காளர் தகுதியில் ‘வெள்ளையர்’ என்ற சொல் ஏறியது. 1870-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15-ஆம் திருத்தம் அதைச் செல்லாததாக்கியது. ஓஹியோ தன் ஏட்டிலிருந்து அந்தச் சொல்லை 1912-ல் நீக்கக் கேட்டபோது வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள், 1923-ல் நீக்கினார்கள்.