கேள்வி – பதில்: ஒன்பதில் இரண்டு போனால்

கேள்வி: புள்ளியியல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. நடுவே குழந்தைக்காக இரண்டு வருடம் ஆய்வை விட்டிருந்தேன். இளம் ஆய்வாளர் பரிசுக்குப் பரிந்துரைக்கிறேன் என்கிறார் என் கைடு. வயது 37. எனக்குத் தகுதி உண்டா? கிடைத்தாலும் என்ன பிரயோஜனம்?
– ஒரு வாசகி

பதில்: நீங்கள் தாராளமாகப் போட்டியில் இருக்கிறீர்கள். ஐயூபாப் என்ற சர்வதேச இயற்பியல் ஒன்றியத்தின் புள்ளியியல் இயற்பியல் ஆணையம் தரும் பரிசில் வயதை எண்ணுவதில்லை. பட்டத்துக்குப் பிறகு எட்டு வருட ஆய்வு அனுபவம் வரை அனுமதி. ஆய்விலிருந்து விலகியிருந்த காலத்தைக் கழித்துக்கொள்ளலாம். ஒன்பதில் இரண்டு போனால் ஏழு. அறிவிப்பில் உள்ள கடைசித் தேதியை மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

பிரயோஜனமா? மைக்கேல் காஸ்டர்லிட்ஸைப் பாருங்கள். துகள் இயற்பியலிலிருந்து வந்த போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிறகு தற்காலிக வேலையில் இருக்கும் ஆய்வாளர்) அவர். டேவிட் தவ்லெஸுடன் சேர்ந்து, மெல்லிய படலங்களில் நிகழும் நிலைமாற்றத்தைப் பற்றி 1973-இல் கட்டுரை வெளியிட்டார். நோபல் வந்தது 2016-இல். பெரிய பரிசுகள் இப்படித்தான், ஆற அமர வரும். நிரந்தர வேலை தேடி அலையும் வயதில் கைகொடுப்பது இந்தச் சின்னப் பரிசுதான். ஐந்து பேர் பெயர் போட்ட கட்டுரையில் யோசனை யாருடையது என்று வெளியே யாருக்குத் தெரிகிறது? பழக்கதோஷம், எல்லோரும் கைடின் பெயரைத்தான் சொல்வார்கள்.

அதனால் உங்கள் கைடு எழுதும் கடிதம்தான் முக்கியம். தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் படித்தவன் நான். ‘கடின உழைப்பாளி, குழுவோடு நன்றாக ஒத்துப்போவார்’ என்று இருந்தால் அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவோம். ஒரு கடிதம் மட்டும் இன்னும் நினைவிருக்கிறது. கணினி சிமுலேஷனில் வந்த அடுக்கெண் (ஓர் அளவு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் எண்), கோட்பாடு சொன்னதோடு ஒத்துப்போகவில்லை; அமைப்பு சிறியது, அதனால் வரும் பிழை என்று மூத்தவர்கள் தள்ளிவிட்டார்கள். அந்த இளைஞர் அமைப்பின் அளவை இரட்டித்துக்கொண்டே போய், விலகல் கொஞ்சமும் குறையவில்லை என்று காட்டினார். அப்புறம் காரணத்தையும் காகிதத்தில் கணக்குப் போட்டே கண்டுபிடித்தார். ‘நான் நம்பவில்லை, அவர் நம்ப வைத்தார்’ என்று எழுதியிருந்தார் கைடு. நாங்கள் அதிகம் விவாதிக்கவில்லை.

உங்கள் ஆய்விலும் அப்படி ஓர் இடம் இருக்கும். எதுவென்று நீங்களே கைடுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். கூச்சப்படாதீர்கள், அவருக்கும் வேலை மிச்சம்.

கேள்வி: நோபல் வாங்கியவருக்குப் போல்ட்ஸ்மன் பதக்கம் தருவார்களா?
– இன்னொரு வாசகர்

பதில்: புள்ளியியல் இயற்பியலுக்கென்று அதே ஆணையம் தரும் பெரிய பதக்கம் அது. நோபல் வாங்கியவருக்குத் தரமாட்டார்கள், அது விதி. பதக்கத்தை முதலில் வாங்கிவிட்டு நோபலை அப்புறம் வாங்கலாம். கென்னத் வில்சனுக்கு 1975-இல் பதக்கம், 1982-இல் நோபல். பாரிசிக்கு 1992, 2021. ஹாப்ஃபீல்டுக்கு 2022, 2024; அவருக்கு மட்டும் அவசரம்!