மாவு பொங்கி வழியற மாசம்

அன்புள்ள சார்,

போன மாசம் நீங்க போட்ட கதைய படிச்சேன். அதுல ஒரு இடத்துல "பங்குனி பொறந்ததும் வசந்தம் வந்து வாசல்ல நின்னுச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. தப்பா நினைக்காதீங்க, எங்க வாசல்ல கரண்ட் பில் தான் வந்து நிக்குது. பிப்ரவரி கடைசிலயே ஏசி போட்டாச்சு. காலண்டர்ல பாத்தா இளவேனில்னா சித்திரையும் வைகாசியும்னு இருக்கு, அது அக்னி நட்சத்திரம் வர்ற நேரம். மூணாவது படிக்கிற என் பொண்ண ஸ்கூல்ல ஸ்பிரிங் சீசன் வரைஞ்சிட்டு வரச் சொன்னாங்க. பூ, பட்டாம்பூச்சி, பச்சப்புல்லு எல்லாம் வரைஞ்சு முடிச்சிட்டு "இது நம்ம வீட்டுக்கு எப்பம்மா வரும்"னு கேக்குறா. நான் என்ன சொல்ல? நெசமாவே நமக்கு வசந்தம்னு ஒண்ணு இருக்கா, இல்ல சினிமா பாட்டுக்காக வச்சிருக்கோமா?

— மடிப்பாக்கத்துல இருந்து ஒரு வாசகி (பேர் போட வேணாம்னு கேட்டிருக்காங்க)

வணக்கம்ங்க,

மொதல்ல ஒத்துக்கறேன், அந்த வரி சோம்பேறித்தனம். கதைல அடுத்த சீனுக்குப் போகணும், நடுவுல நாள் ஓடினத காட்டணும், கைக்கு வந்தத எழுதிட்டேன்.

காலண்டர் விஷயத்துல மட்டும் எனக்காக கொஞ்சம் வாதாடிக்கிறேன். வசந்தம் தொடங்குதுன்னு கணக்கு வைக்கிற, ராத்திரியும் பகலும் சமமா வர்ற நாள் மார்ச் 20 வாக்குல, அதாவது பங்குனில வருது, நம்ம சித்திரை 1 ஏப்ரல் 14ல வருது. ரொம்ப காலத்துக்கு முன்னாடி ரெண்டும் ஒட்டித்தான் இருந்துச்சு. நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரத்த வச்சு மாசம் கணக்கு பண்ணுது, பூமியோட அச்சு பம்பரம் தலையாட்டுற மாதிரி ரொம்ப மெதுவா ஆடிக்கிட்டே சுத்துறதால கிட்டத்தட்ட 72 வருஷத்துக்கு ஒரு நாள்னு விழுந்து விழுந்து இப்ப மூணு வாரத்துக்கு மேல இடைவெளி ஆயிடுச்சு. அதான் பேரு இளவேனில், அடிக்கிறது கத்திரி. ஆக பங்குனின்னு எழுதினது தப்பில்ல, வாசல்னு எழுதினது தான் தப்பு. சமையக்கட்டுன்னு எழுதியிருக்கணும்.

எங்க வீட்ல தேங்காயெண்ணெய் பாட்டில் பாத்ரூம் ஜன்னல் திட்டுல இருக்கும். மார்கழி, தைல காலைல அது கட்டியா கெடக்கும், ஸ்பூன் காம்பு விட்டு குத்தி எடுக்கணும், இல்லன்னா வெந்நீர் பக்கெட்ல கொஞ்ச நேரம் மெதக்க விடணும். 24 டிகிரி வாக்குல தான் தேங்காயெண்ணெய் உறையுறதும் உருகுறதும், அதுக்கு மேல அதுல ரகசியம் ஒண்ணும் இல்ல. மாசில ஒரு பத்து நாள் அதுக்கே என்ன பண்றதுன்னு தெரியாம அடில வெள்ளையா மேல தண்ணியா இருக்கும். அப்புறம் ஒரு நாள் முழுசா தெளிஞ்சு நிக்கும், நாம பழைய ஞாபகத்துல அப்படியே தலைல கவுத்தா காது, கழுத்து, சட்டைக் காலர்னு வழியும். எனக்கு வருஷா வருஷம் அந்த ஒரு சட்டை போகும். "சிவராத்திரியோட பனி சிவசிவான்னு போயிடும்"னு எங்க அப்பாயி சொல்லும். அது திதி பாத்து சொன்னது, நான் பாட்டில் பாத்து சொல்றேன், ரெண்டும் அநேகமா ஒத்துப் போயிடும்.

அடுத்தது மாவு. மார்கழில ராத்திரி கரைச்சு வச்சா காலைல வச்ச எடத்துலயே இருக்கும், துண்ட சுத்தி அடுப்புப் பக்கத்துல தூங்க வைக்கணும். பங்குனில அதே பாத்திரம், அதே அளவு, விடியக்காலைல மூடிய தள்ளிட்டு எறங்கி நடந்துடும்.

இதுல சூடு பாதி தான், மீதி பாதி உளுந்து. எங்க ஊர்ப்பக்கம், டெல்டாவுல, சம்பா அறுக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே நிக்கிற நெல்லுக்குள்ளயே உளுந்த தெளிச்சு விட்டுடுவாங்க. நெல்லு அறுத்து போனப்புறம் தாளுக்கு நடுவுல அது மொளைச்சு நிக்கும். பெரும்பாலும் அதுக்குன்னு தண்ணி பாய்ச்சுறது கெடையாது, மண்ணுல மிச்சமிருக்கிற ஈரமும் ராத்திரி எறங்குற பனியும் தான். நாம தலைல மஃப்ளர கட்டிக்கிட்டு திட்டுற அதே பனி. ரெண்டு ரெண்டரை மாசத்துல, பங்குனில, அது வீட்டுக்கு வந்துடும். புது உளுந்துக்கு ஆட்ட ஆட்ட காணுற குணம் ஜாஸ்தி, பழைய உளுந்து போட்ட கணக்குல போட்டா கிரைண்டரே நெறைஞ்சிடும்.

போன பங்குனில தங்கச்சி ஊர்லேர்ந்து ரெண்டு கிலோ குடுத்தனுப்பியிருந்தா. வீட்டுக்காரம்மா அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்க, நான் பெரிய ஆள் மாதிரி நாலுக்கு ஒண்ணு போட்டு ஆட்டி, பாத்திரம் நெறைய ஊத்தி, உப்பு போட்டு கரைச்சு வச்சிட்டு நிம்மதியா தூங்கிட்டேன். காலைல பாத்தா மேடை பூரா மாவு, ஸ்டவ் பர்னர் ஓட்டைக்குள்ள மாவு, கீழ இழுப்பறைக்குள்ள கரண்டி எல்லாம் மாவுல குளிச்சிட்டு கெடக்கு, எறும்பு வேற வரிசை கட்டிடுச்சு. தொடைச்சு முடிச்சு தடயமே இல்லன்னு நெனச்சேன். மத்தியானம் அவங்க வந்து இழுப்பறைய தொறந்து ஒரே ஒரு கரண்டிய எடுத்து காம்ப நகத்தால சுரண்டிப் பாத்துட்டு "உளுந்து புதுசா?"ன்னு மட்டும் கேட்டாங்க.

பங்குனி வெயில்ல காய வைக்கிற வடகத்த பத்தி நான் பேசுற அருகதை இல்ல. கூழ்ல ருசி பாத்து உப்பு சரியா இருக்குன்னு ஊத்துனேன், தண்ணியெல்லாம் வத்துனப்புறம் உப்பு மட்டும் நின்னுடுச்சு. கூழா இருக்கும்போது உப்பு பத்தலயேன்னு தோணணுமாம், அப்ப தான் பொரிச்சா சரியா இருக்குமாம். ஒரு டின் இன்னும் இருக்கு, உப்பே போடாத தயிர் சோத்துக்கு தொட்டுக்கிட்டு தீத்துக்கிட்டிருக்கோம்.

பொண்ணு வரைஞ்சது தப்பில்லைங்க, ஆனா அது வேற ஊரு வசந்தம். அங்க மரம் மாசக்கணக்குல மொட்டையா நிக்கும், அதுக்கப்புறம் துளிர் வரும். இங்க ரெண்டும் ஒண்ணா நடக்குது. உங்க தெருவுல வேப்பமரம் இருந்தா பாருங்க, மாசில பழுத்த எலைய கொட்டிக்கிட்டே இன்னொரு கெளைல செம்பு கலர்ல துளிர் விட்டிருக்கும், பெருக்குறவங்களுக்கு ரெண்டு தடவ வேலை, பங்குனி முடியறதுக்குள்ள பூவும் கொட்ட ஆரம்பிச்சிடும். அத ஒரு துணி விரிச்சு புடிச்சு வைங்க, வருஷப்பொறப்பு பச்சடிக்கு ஆகும். பொண்ணுகிட்ட எண்ணெ பாட்டில தெனம் காலைல பாக்கச் சொல்லுங்க, இந்த வருஷம் உருகிடுச்சுன்னா அடுத்த மார்கழில இருந்து பாக்கட்டும். மூடி தூக்கிட்டு நிக்கிற மாவுப் பாத்திரத்த வரைஞ்சு குடுத்தா டீச்சர் மார்க் போடுவாங்களான்னு எனக்கு உத்தரவாதம் இல்ல.

அப்புறம் ஏசி போட்டாச்சுன்னு எழுதியிருந்தீங்களே, ஃபில்டர கழுவிட்டுத் தான போட்டீங்க? நான் கழுவாம போட்டு மூணு நாள் வீட்ல எல்லாரும் தும்மிக்கிட்டு இருந்தோம், பனி தான் காரணம்னு சொல்லி நானும் தப்பிச்சுட்டு இருந்தேன்.