ஏழு சாமுராய்களும் ஒரு டிவி ரிமோட்டும்

சென்ற இதழில் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் 'செவன் சாமுராய்' (1954) 4கே டிஸ்க்காக, அதாவது புளூரேவைவிடத் துல்லியமான படத்தோடு, வந்திருப்பதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். கொள்ளையரிடமிருந்து ஊரைக் காக்க விவசாயிகள் ஏழு சாமுராய்களை அமர்த்தும் கதை. படத்தைப் புகழ்ந்து வந்த கடிதங்கள் கொஞ்சம், டிஸ்க்கைத் திட்டி வந்தவை நிறைய. திட்டியவர்களுக்கே முன்னுரிமை.

கேள்வி: படம் ஓடும்போது திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. பெரிய டிவி வாங்கியும் முக்கால் திரையில்தான் பார்க்க வேண்டுமா?

ஆமாம். படத்தை எடுத்ததே அந்த அளவில்தான். உயரம் 1 என்றால் அகலம் 1.37. தயாரித்த தோஹோ நிறுவனம் அகலத்திரைக்குப் போனது 1957-இல். குரோசவா போனது அதற்கு அடுத்த வருஷம், 'தி ஹிடன் ஃபோர்ட்ரஸ்' படத்தில். ரிமோட்டில் ஜூமை அழுத்தினால் பட்டை போய்விடும், கூடவே படத்தின் உயரத்தில் கிட்டத்தட்ட கால்வாசியும் போய்விடும். எழுவரில் ஒருவனான ஹெய்ஹாச்சி தயாரிக்கும் அந்தக் கொடியை நினைத்துப் பாருங்கள். மேலே ஆறு சாமுராய்களுக்கு ஆறு வட்டம். அதற்குக் கீழே ஏழாமவன் கிகுச்சியோவுக்கு மட்டும் தனியாக ஒரு முக்கோணம். அடியில் விவசாயிகளைக் குறிக்கும் எழுத்து. கதை மொத்தமும் மேலிருந்து கீழாக அந்தத் துணியில் இருக்கிறது. அதில் யாரை வெட்டலாம் என்கிறீர்கள்?

கேள்வி: 4கே என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக ஊர்கிறது. இதையா சுத்தம் செய்தார்கள்?

அதிகம் வந்த புகார் இதுதான். அந்தப் புள்ளிகள் அழுக்கு அல்ல, ஃபிலிமின் கிரெய்ன், அதாவது ஃபிலிமில் படம் பதியும் நுண்மணிகள். பிம்பமே அதனால் ஆனதுதான். கம்ப்யூட்டரில் அதைத் துடைத்து வழவழவென்று ஆக்க முடியும். சில பழைய படங்களை அப்படிச் செய்தும் இருக்கிறார்கள். கிரெய்னோடு சேர்ந்து போகிறவை என்னென்ன என்றுதான் பார்க்க வேண்டும். நீராலைக் குடிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர்க் கிழவரின் முகச்சுருக்கம் போகும். கடைசிச் சண்டையில் மழைக் கோடுகள் மங்கி, குதிரைக் காலடியில் தெறிக்கும் சேறு சாம்பல் நிறக் குழம்பாகிவிடும். பல கேமராக்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, தொலைவிலிருந்து டெலிஃபோட்டோ லென்ஸில் பிடித்த மழை அது. அதைத் துடைக்க யாருக்கும் மனசு வரக்கூடாது.

இன்னொன்று. இந்தப் படத்தின் அசல் நெகட்டிவ் இப்போது இல்லை. அதிலிருந்து வந்த பிரதிகளை வைத்துத்தான் தோஹோ புதுப்பித்திருக்கிறது. 2024-இல் கான் திரைப்பட விழாவின் கிளாசிக்ஸ் பிரிவில் திரையிட்டதும் அதைத்தான். ஒரு காட்சியை மறு காட்சி ஓரமாகத் தள்ளிக்கொண்டு வரும் இடங்களில் படம் ஒரு நொடி மங்கித் தெளிவதைக் கவனித்திருப்பீர்கள். அந்தக் காலத்தில் அந்த உத்திக்காக ஃபிலிமை இன்னொரு முறை நகலெடுக்க வேண்டும். நகல் எடுத்த இடத்தில் கிரெய்ன் தடிக்கும், அவ்வளவுதான்.

நிஜமாகவே கோபம் வந்தால் டிவியின் செட்டிங்கைத் திறந்து, அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸையும் இறக்குங்கள். பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். அந்த வசதியோடு பார்த்தால் குரோசவாவும் மாலை நேரத்து சீரியல் மாதிரிதான் தெரிவார்.

கேள்வி: ஐந்து ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். சத்தம் நடு ஸ்பீக்கரில் மட்டும் வருகிறது. மிஃபூனே கத்துவது புரியவே இல்லை.

மோனோ படம், ஒலி மொத்தமும் ஒரே தடத்தில் இருக்கும், அப்படித்தான் வரும். சில பதிப்புகளில் பிற்காலத்தில் பரப்பிய ஸ்டீரியோ டிராக்கும் இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. இசையமைப்பாளர் ஃபூமியோ ஹயசகாவின் முரசொலி நடுவிலிருந்து வரும்போதுதான் நெஞ்சில் இடிக்கிறது. கிகுச்சியோவாக நடித்த மிஃபூனே கத்துவது உங்களுக்கு மட்டுமா புரியவில்லை? குரோசவா படங்களில் வசனம் காதில் விழவில்லை என்று ஜப்பானியர்களே பல காலமாக முணுமுணுக்கிறார்கள். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் முதலில் பார்த்த வீடியோ கேசட்டில் வெள்ளை எழுத்து வெள்ளை வானத்தில் கரைந்து, பாதி வசனத்தை ஊகித்துத்தான் கதை புரிந்துகொண்டேன். இப்போது எழுத்தைச் சுற்றி விளிம்பு கட்டுகிறார்கள். இந்தப் பதிப்புகளைப் பற்றி எனக்கு ஏக திருப்தி என்றால் அதில்தான்.

கேள்வி: ஆரம்பத்தில் ஒரு திருடன் குடிசையிலிருந்து வெளியே ஓடிவரும்போது படம் திடீரென்று மெதுவாகிவிடுகிறது. டிஸ்க்கில் கோளாறா? மாற்றித் தரச் சொல்லலாமா?

தயவுசெய்து வேண்டாம்! குழந்தையைப் பிடித்துவைத்திருக்கும் திருடனை, அதை மீட்க வந்த ஒருவன் ஏமாற்றும் காட்சி அது. பிறகு எழுவருக்கும் தலைவனாகும் கம்பே தலையை மழித்து, துறவி வேடம் போட்டு, சோற்று உருண்டையோடு குடிசைக்குள் பாய்கிறான். உள்ளே நடந்ததை நமக்குக் காட்டுவதில்லை. திருடன் வெளியே வருகிறான், ஸ்லோமோஷனில் நின்று, சரிகிறான். நடுநடுவே வேடிக்கை பார்க்கும் கூட்டம் சாதாரண வேகத்திலேயே தெரிகிறது. டிஸ்க் சிக்கியிருந்தால் கூட்டமும் அல்லவா மெதுவாகியிருக்கும்? எழுவரில் இன்னொருவனான கியூசோவின் வாள் போட்டியிலும் தோற்றவன் இப்படித்தான் விழுவான். அப்போதும் கடைக்குப் போய்விடாதீர்கள்.

கேள்வி: இது ஹாலிவுட் 'மேக்னிஃபிசென்ட் செவன்' படத்தின் காப்பி என்கிறான் என் மகன்.

அது 1960. இது 1954. வேடிக்கை என்னவென்றால், 1956-இல் அமெரிக்காவில் இந்த ஜப்பானியப் படமே அந்தப் பெயரில்தான் ஓடியது. மகனிடம் இதையும் சொல்லிவிட்டு ஓடிவிடுங்கள்.

கேள்வி: 207 நிமிடம்! நடுவில் இடைவேளை என்று எழுதிப் போட்டு இசை மட்டும் ஓடுகிறது. தள்ளிவிடலாமா?

தள்ளலாம், ஆனால் அது எழுந்து நடக்கத்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் வெளிநாடுகளுக்குச் சுருக்கி அனுப்பினார்கள். முழுசாக உட்கார்ந்து பார்க்கக் கிடைப்பதே நம் பாக்கியம்.

கேள்வி: என்னிடம் பழைய புளூரே இருக்கிறது. 4கே வாங்கணுமா?

திரை சின்னது என்றால் வேண்டாம். பெரிய திரையும், மழைச் சண்டையை அடிக்கடி போட்டுப் பார்க்கும் வியாதியும் இருந்தால் வாங்குங்கள். மழையும் கிரெய்னும் சேர்ந்தால் ஸ்ட்ரீமிங்கில் படம் கட்டம் கட்டமாக உடையும், டிஸ்க்கில் தாக்குப் பிடிக்கும். 4கே டிஸ்க்குக்கு நாட்டுப் பூட்டு கிடையாது, எந்த நாட்டு 4கே பிளேயரிலும் ஓடும். கூட வரும் புளூரேவுக்கு உண்டு: ஜப்பான், அமெரிக்கப் பதிப்பு ஏ, ஐரோப்பியப் பதிப்பு பி. உங்கள் பிளேயர் எதைப் படிக்கும் என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

அமெரிக்க டிஸ்க் நிறுவனமான கிரைட்டீரியனின் பழைய பதிப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் 1993-இல் இன்னொரு ஜப்பானிய இயக்குநரான நகிசா ஒஷிமா குரோசவாவோடு பேசும் இரண்டு மணி நேர உரையாடல் இருக்கிறது. அது மங்கலாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.