டூசி படகு ரேஸ் பாக்கப் போறீங்களா? போட்ட தொரத்தாதீங்க

கோபியில இருந்து ஒரு தங்கச்சி கேட்ருக்காங்க. தம்பி தென்னாப்பிரிக்காவுல டர்பன்ல வேலையா இருக்காராம், பிப்ரவரில அப்பா அம்மாவோட அங்க போறாங்களாம், தம்பி ஆபீஸ்ல ஒருத்தரு டூசி கேனோ ரேஸ்ல, அதாவது துடுப்புப் படகுப் போட்டில கலந்துக்கறாராம், "மூணு நாளும் ஆத்தோரமாவே கார்ல அவரு போட்டு கூடவே போலாங்களாண்ணா, இல்ல ஒரே எடத்துல உக்காந்து பாக்கோணுமா?"

கூடவே போறது ஆவாதுங்க அம்மணி. நான் டர்பன்ல இருந்தப்ப மொத வருசம் அப்படித்தான் கெளம்புனேன், காலைல இருந்து மத்தியானம் வரைக்கும் மண் ரோட்டுல சுத்தி சுத்தி கடேசில பாத்தது முன்னாடி போன கார் கெளப்புன புழுதியத்தான். ஆறு போறது மலைகளுக்கு நடுவுல பள்ளத்தாக்குல, கரையோரமா தொடர்ந்து ரோடு கெடையாது, ஒரு எடத்துல பாத்துட்டு அடுத்த எடத்துக்கு மேல ஏறி சுத்தி வந்து எறங்கறதுக்குள்ள போட்டு போயே போயிருக்கும். நம்மூரு தேர் நோம்பில தேருக்குப் பின்னாடியே யாராவது ஓடுவாங்களா, தேர் முக்கு திரும்பற எடத்துல முன்னாடியே போய் நின்னுக்குவோமில்ல, அதே கணக்குதான் இதுக்கும். ஒரு நாளைக்கு ஒரு முக்கு, கெதி இருந்தா ரெண்டு.

ரேஸ் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல கேம்ப்ஸ் ட்ரிஃப்ட்ங்கற எடத்துல ஆரம்பிச்சு டர்பன்ல ப்ளூ லகூன்ல முடியும், சுமாரா 120 கிலோமீட்டர். பேருதான் கேனோ, நெறைய பேரு ஓட்டறது கயாக், துடுப்புக்கு ரெண்டு மொனையிலயும் பலகை இருக்கும். ஆத்துல மட்டும் போறதுன்னு நெனச்சராதீங்க, பாறை, வளைவு வர்ற எடத்துல போட்ட தோள்ல தூக்கிப் போட்டுக்கிட்டு மேட்டுல ஓடுவாங்க, அதுக்கு போர்ட்டேஜ்னு பேரு. 1951ல இயான் ப்ளேயர்னு ஒருத்தரு ஆரம்பிச்சது, அந்த மொத தடவ 8 பேரு கெளம்பி அவரு ஒருத்தருதான் போய் சேந்தாரு, அதுவும் ஆறு நாளைக்கு மேல ஆச்சு, நடுவுல பாம்பு வேற கடிச்சிருக்கு! இப்ப முன்னாடி வர்றவங்க மூணு நாளும் சேத்தே ஒரு எட்டு மணி நேரத்துல முடிச்சர்றாங்க.

அதனாலதான் சொல்றேன், நேரத்தப் பாத்துக்கோங்க. காலங்காத்தால கெளம்பிருவாங்க, நீங்க இட்லி சாப்ட்டு சாவகாசமா போனா முன்னணி ஆளுங்க ஒருத்தரயும் பாக்க முடியாது. எல்லாரையும் ஒட்டுக்கா விட மாட்டாங்க, பேட்ச் பேட்ச்சா விடுவாங்க, அதனால தம்பி கூட வேலை பாக்கறவரு எந்த பேட்ச், போட்டு நம்பர் என்னன்னு முந்தின நாளே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, லைஃப் ஜாக்கெட்ட மாட்டிட்டா நம்ம ஆளு யாருன்னே தெரியாது.

மொத நாளுக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஊருக்குள்ளயே இருக்கற எர்னி பியர்ஸ் தடுப்பணைக்குப் போங்க, ஸ்டார்ட்ல இருந்து கொஞ்ச தூரந்தான். அணை மேல இருந்து தண்ணியோட போட்டு சறுக்கி விழுகும் பாருங்க, நாலஞ்சு பேராவது கவுந்து எந்திரிப்பாங்க, கூட்டமே ஓன்னு கத்தும், மூணு நாள்ல எனக்குப் புடிச்ச எடம் அதான். அன்னிக்கு ஆத்துல தண்ணி பத்தலைன்னா ஹென்லி டேம்ல இருந்து தொறந்து விடுவாங்க, கீழ்பவானி வாய்க்கால்ல எப்ப தண்ணி விடுவாங்கன்னு நாம பாத்துட்டு இருப்போமே, அதே மாதிரிதான் அவுங்களும்.

ரெண்டாம் நாள் நடுவழியில, டூசின்னு சொல்ற ம்சுண்டூசி ஆறு உம்கெனி ஆத்துல கலக்குது, அவுங்க ஊரு கூடுதுறைன்னு வெச்சுக்கோங்க. வாடகைக் கார்ல பெரியவங்கள கூட்டிட்டு அந்தப் பக்கம் எறங்க வேண்டாம், நேரா இனாண்டா டேம் கரைக்குப் போயிருங்க. கடேசி தூரம் பூராவும் டேம் தண்ணி, ஓட்டமே இருக்காது, கை வலிக்க வலிக்க துடுப்பு போட்டுட்டு வருவாங்க, பாக்கறதுக்கு கொஞ்சம் போரடிக்கும், உண்மையச் சொல்லணுமில்ல. அப்பாவுக்கு அலுப்பா இருந்தா அன்னிக்கு லீவு விட்டாலும் ஒண்ணும் கொறஞ்சு போகாது.

மூணாம் நாளத்தான் விட்றக் கூடாது. முன்னணி ஆளுங்க மொத ரெண்டு நாள் எத்தன நிமிசம் வித்தியாசத்துல வந்தாங்களோ அத்தன நிமிசம் வித்தியாசத்துலயே கெளம்புவாங்க, அதனால யாரு முன்னாடி வர்றாங்களோ அவுங்கதான் ஜெயிச்சவங்க, கணக்கு போட வேண்டியதில்ல. பர்மா ரோடுன்னு ஒரு மேடு இருக்கு, ஆறு பெருசா வளையற எடத்துல சில பேரு போட்ட தூக்கிட்டு அந்த மேடேறி குறுக்கால போவாங்க, சில பேரு ஆத்துலயே சுத்தி வருவாங்க, யாரு முந்தறாங்கன்னு பாக்கறது ஒரு தனி சொகந்தான், ஆனா அங்கயும் போயிட்டு ஃபினிஷுக்கும் வர்றது பெரியவங்களோட கஷ்டம். ப்ளூ லகூன்லயே நெழலாப் பாத்து துண்டு விரிச்சுக்கோங்க.

முக்கியமா ஒண்ணு, அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிருங்க. ஆத்தப் பாத்ததும் கால நனைச்சு தலைல தெளிச்சுக்கறது நம்ம பழக்கம், அந்தத் தண்ணில அது வேண்டாம். கழிவு கலந்த தண்ணி, துடுப்பு போடறவங்களுக்கே வயித்தக் கலக்கி 'டூசி கட்ஸ்'னு அதுக்கு ஒரு பேரே வெச்சிருக்காங்க. கைய சோப்பு போட்டு கழுவாம எதையும் சாப்டாதீங்க, குடிக்கற தண்ணி வீட்ல இருந்து எடுத்துட்டுப் போங்க. பிப்ரவரி அங்க நல்ல வெய்யக்காலம், சாயந்தரம் இடி மழையும் வரும், ஒரு கொடை ரெண்டுக்கும் ஆவும். தண்ணி அளவப் பொறுத்து பாதையவே மாத்துவாங்க, அந்த வருச மேப்ப கெளம்பறதுக்கு முன்னாடி ஒருக்கா பாத்துருங்க.

ஜெயிச்சவங்க வந்ததும் கூட்டம் கொஞ்சம் கொறையும், நீங்க கெளம்பிராதீங்க, உங்க ஆளு வர மத்தியானம்கூட ஆகலாம். பசிச்சா டர்பன்ல பன்னி சவ் சாப்டுங்க, பேரக் கேட்டு அப்பா பதற வேண்டாம், பன்னியெல்லாம் இல்லீங்க, ரொட்டியக் கொடஞ்சு உள்ள கொழம்ப ஊத்திக் குடுக்கறது, பீன்ஸ் போட்டும் கெடைக்கும். கால்வாசி ரொட்டி சைஸ் சொல்லுங்க, அதுவே ஒருத்தருக்கு தாராளம்.