கையால் வரைந்ததா, அச்சா? வாங்குவோர் கேள்வி-பதில்

கேள்வி: கனடாவிலிருக்கிற அண்ணா குடிபூரலுக்கு அனுப்பிய காசில் ‘லாஸ் மெனினாஸ்’ என்ற பழைய ஸ்பானிய ஓவியத்தின் நகல் வாங்கினோம். மூன்றடி உயரம், 65,000 ரூபா. முழுக்கக் கையால் வரைந்த எண்ணெய் ஓவியம் என்று சொல்லித்தான் விற்றார்கள். தடவினால் தூரிகைக் கோடு தட்டுப்படுகிறது, ஆனால் அது உருவங்களோடு ஒத்துப்போகவில்லை. கேட்டால், “மேலே பூசியதும் கைவேலைதானே” என்கிறார்கள். (வாசகி, கிளிநொச்சி)

பதில்: உங்களை ஏமாற்றிவிட்டார்கள், தங்கச்சி. அது கன்வஸ் துணியில் அடித்த அச்சு. அதன்மேல் நிறமில்லாத பசையைத் தூரிகையால் இழுத்துக் காயவிட்டிருக்கிறார்கள். கையால் வரைந்த படத்தில் நிறம் போகிற பக்கம்தான் தூரிகைத் தடமும் போகும். சிறுமியின் பாவாடை வளைகிற இடத்தில் தடமும் வளையும். உங்கள் படத்தில் கதவு, முகம், நாய் எல்லாவற்றுக்கும் மேலால் ஒரே மாதிரிக் கோடு ஓடியிருக்கும். இரவில் அறையை இருட்டாக்கி, ரோர்ச் லைற்றைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பிறகு ஒரு முகத்தின்மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வையுங்கள். பொடிப் பொடியாகப் புள்ளி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பசை பூசியதைக் ‘கைவேலை’ என்று சொல்கிற இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் பட்டவன். 2016இல் கொழும்புக் கடையொன்றில் ரஷ்யக் குளிர்கால அரண்மனையின் மண்டபப் படமொன்றை வாங்கினேன். எடுவார்ட் ஹாவ் வரைந்த எண்ணெய் ஓவியத்தின் கைநகல் என்றார்கள். ஹாவ் அந்த அரண்மனை அறைகளை நீர்வர்ணத்தில், கடதாசியில் வரைந்தவர். அதை முதலே தேடிப் பார்த்திருந்தால் கடைக்காரர் வாய்திறந்த உடனேயே பிடித்திருப்பேன். அடுத்த மாரியில், படத்திலிருந்த தொங்குவிளக்குக்கு மேலே பசை வெளிறி உரிந்தது. அடியில் அச்சுப் புள்ளிகள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக.

இனி வாங்கப்போகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் ‘லாஸ் மெனினாஸ்’ மூலப்படத்தை 1656இல் வரைந்தார். படத்திலிருக்கும் அறை மட்ரிட் அரண்மனையில் இருந்தது. அரண்மனை 1734இல் எரிந்துபோக, படம் தப்பி இப்போது பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் 318 சென்ரிமீற்றர், பத்தடிக்கு மேல். அதை மூன்றடிக்குள் இறக்கினால், பின்சுவர்க் கண்ணாடியில் தெரிகிற அரசன் அரசியின் முகங்கள் விரல்நகமளவு வந்துவிடும். கைதேர்ந்தவர் அதற்குள்ளும் இரண்டு முகங்களைக் கொண்டுவருவார். அவசரக்காரர் சிவப்புத் திரைக்குக் கீழே இரண்டு வெள்ளைப் பொட்டு வைத்துவிட்டுப் போய்விடுவார். காசு கட்டமுன் அந்தக் கண்ணாடியைக் கிட்டவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

நீங்கள் செய்யவேண்டியது: விளம்பரத்தை ஸ்கிரீன் ஷொட் எடுங்கள், பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். தொலைபேசி 1977. விடாதீர்கள்.

கேள்வி: கலியாண மண்டபத்துக்கு ஆறடி அரண்மனைப் படம் கேட்டேன். முழுக் காசையும் முதலே வங்கியில் போடச் சொல்கிறார்கள். போடலாமா? (வவுனியா)

பதில்: போடவேண்டாம்.

கேள்வி: படத்தில் பூஞ்சணம் பிடித்தது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் போட்டு ஈரத்துணியால் துடைத்தேன். நிறம் போய்விட்டது. கடையில் மாற்றித் தருவார்களா? (மாங்குளம்)

பதில்: ஏன் தரவேண்டும்? சமையலறைச் சுவரில் மாட்டியிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆவி, புகை, மாரிக்காற்று எல்லாம் அங்கேதான். கடையில் கொடுத்த கடதாசியில் ‘ஈரம் படக்கூடாது’ என்று இருந்ததாம், பிறகுதான் வாசித்தீர்களாம். இதில் கடைக்காரரில் பிழை இல்லை. அடுத்த படத்தை வெளிச்சுவரில் மாட்டாமல் உட்சுவரில் மாட்டுங்கள், பின்னால் காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சட்டம் என்ன மரமென்றும் கேளுங்கள். மலிவு மரத்தைக் கறையான் முதலில் கண்டுபிடித்துவிடும்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயது. நெல் விற்ற காசில் 28,000 கொடுத்து ‘பண்டாரவன்னியனின் கொலுமண்டபம், அந்தக் காலத்து ஓவியத்தின் கைநகல்’ என்று ஒரு படம் வாங்கியிருக்கிறார். போட்டோ அனுப்பியிருக்கிறேன். (புதுக்குடியிருப்பு)

பதில்: போட்டோவைப் பார்த்ததும் மனம் நொந்துபோனது. நீலமும் பொன்னும் பூசிய தூண்கள், மயில் வரைந்த கண்ணாடிக் கூரை. அது மைசூர் அரண்மனை. அந்தக் கட்டடம் முடிந்தது 1912இல். கற்சிலைமடு நினைவுக்கல்லில் வன்னி மன்னன் பண்டாரவன்னியன் தோற்றதாகக் குறித்த திகதி 1803 ஒக்ரோபர் 31. நூறு வருடத்துக்குப் பிந்திய மண்டபத்தை அவருடையதென்று சொல்லி, அப்பாவின் பற்றை வைத்துக் காசு பறித்திருக்கிறார்கள். நகல் என்றால் மூலம் ஒன்று இருக்கவேண்டும்: வரைந்தவர் யார், எந்த ஆண்டு, இப்போது எங்கே இருக்கிறது? இதை எழுத்தில் தரும்படி விற்றவரிடம் கேளுங்கள். தரமாட்டார், அதுவே உங்கள் முறைப்பாட்டுக்கு உதவும். பற்றுச்சீட்டு தரவில்லை என்கிறீர்கள். கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும், அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். அப்பாவை மட்டும் ஏசாதீர்கள்.

கேள்வி: பழைய ஓவியத்தைப் பார்த்து வரைந்து விற்பது குற்றமா? நான் சித்திரம் படித்தவன். (செட்டிகுளம்)

பதில்: இல்லை, தம்பி. பதிப்புரிமை வரைந்தவர் இறந்து 70 ஆண்டுவரைதான். வெலாஸ்கெஸ் இறந்தது 1660இல். பின்பக்கத்தில் ‘நகல்’ என்றும் உங்கள் பெயரையும் எழுதி விற்றால், முதல் படத்தை நானே வாங்குகிறேன்.