மூன்று ஊர், 90 லட்சம்: வாடகை வீட்டை எங்கே வாங்குவது?

கேள்வி: ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் காரைக்குடி. சேமிப்பில் 90 லட்சத்துக்குள் வாடகைக்கு விட ஒரு சொத்து வாங்க நினைக்கிறேன். சென்னை ஓஎம்ஆரில் (பழைய மகாபலிபுரம் சாலை) வாடகைதாரரோடு ஒரு ஃபிளாட் விலைக்கு வருகிறது. பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் வாங்கினால் வாடகையும் அதிகம், அட்வான்ஸும் அதிகம் என்கிறான் நண்பன். தம்பி கோவையில் இருக்கிறான். அங்கே சரவணம்பட்டி பக்கம் மூன்று போர்ஷன் வீடு ஒன்று பார்த்திருக்கிறான். இப்போது அதில் பெண்கள் பிஜி (பணம் கட்டித் தங்கும் விடுதி) நடக்கிறது. எந்த ஊரில் வாங்கலாம்? ஆள் காலி செய்ய மறுத்தால் எந்த ஊர்ச் சட்டம் கைகொடுக்கும்? மனைவி ஊரில் இருப்பதால் அவர் பெயரில் வாங்கினால் வரி குறையுமா?

பதில்: முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். தமிழ்நாட்டில் கட்டி முடித்த பழைய வீட்டைக் கிரயம் செய்ய முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 90 லட்சத்துக்கு 8 லட்சத்து 10 ஆயிரம் ஆகிறது. குடியிருப்பு வீடுகளுக்கு வாடகை, பொதுவாக விலையில் வருடத்துக்கு 2 முதல் 4 சதவீதம்தான். நடுவாக 3 என்று வைத்தால் வருடம் 2 லட்சத்து 70 ஆயிரம். முதல் மூன்று வருட வாடகை பத்திர ஆபீஸிலேயே தீர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் ஒருவர் வாடகை தராமல் ஒரு வருடம் உட்கார்ந்துவிட்டால், பக்கத்து ஊரைவிட மாதம் இரண்டாயிரம் கூட வாங்கியதெல்லாம் கணக்கிலேயே நிற்காது. அதனால் வீட்டைத் திரும்பக் கைக்குக் கொண்டுவர எங்கே வழி இருக்கிறது, அங்கே உங்களுக்காக அலைய யார் இருக்கிறார்கள் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் கோவை. அந்தக் குறிப்பிட்ட வீடுதான் வேண்டுமா என்பது வேறு விஷயம்.

சென்னைக்கும் கோவைக்கும் சட்டம் ஒன்றுதான். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றிய வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. பழைய சட்டத்தில் நியாய வாடகை என்று ஒன்றை நிர்ணயிக்க வேண்டும், சொந்த உபயோகத்துக்கு வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இப்போது வாடகை எவ்வளவு என்பது இருவரும் பேசி எழுதுவதுதான். ஆனால் எழுத வேண்டும், வாடகை அதிகாரியிடம் ஆன்லைனில் பதிவும் செய்ய வேண்டும். பதிவு எண் கிடைத்த ஒப்பந்தம் கையில் இருந்தால், இரண்டு மாத பாக்கி விழுந்து, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தைச் சாட்சியமாகக் காட்டுவதே சிக்கல். எழுத்தில் ஒப்பந்தமே போடவில்லை என்றால் அதையே காரணமாக வைத்து வெளியேற்றக் கேட்க முடியும். சென்னை உயர் நீதிமன்றமும் இதை ஏற்றிருக்கிறது. அதை நம்பி யாரும் ஒப்பந்தம் போடாமல் இருந்துவிட வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று: பாக்கி வைத்தவருக்குத் தண்ணீரை அடைப்பது, ஃபியூஸைப் பிடுங்குவது எல்லாம் இந்தச் சட்டத்தில் தடை. உங்கள் தம்பிக்கு இதை இப்போதே சொல்லிவைத்துவிடுங்கள். தம்பிமார் கோபத்தில் செய்யும் முதல் காரியம் இதுதான்.

இந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்குத்தான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருந்தால் வாடகை நீதிமன்றம். ஊராட்சி எல்லையில் இருந்தால் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 15 நாள் நோட்டீஸ், அப்புறம் சாதாரண சிவில் வழக்கு. 'சரவணம்பட்டி பக்கம்' என்று புரோக்கர் சொல்லும்போது அந்தப் 'பக்கம்' எங்கே போய் முடிகிறது என்று கேளுங்கள். சரவணம்பட்டி 2011இல் கோவை மாநகராட்சியில் சேர்ந்துவிட்டது. ரோட்டில் இன்னும் கொஞ்சம் போனால் எல்லை மாறலாம். ஓஎம்ஆரிலும் இதே கதைதான்: பெருங்குடி, சோழிங்கநல்லூர் 2011இலேயே சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டன, தெற்கே போகப் போக விசாரித்துக்கொள்ள வேண்டும். சொத்து வரி ரசீதில் எந்த உள்ளாட்சியின் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் போதும், தெரிந்துவிடும்.

ஓஎம்ஆர் ஃபிளாட்டைப் பற்றி எனக்கு உறுத்துவது அந்த வாடகைதாரர்தான். வாடகை ஓடிக்கொண்டிருக்கும் வீடு என்றால் வாங்குபவருக்கு நிம்மதியாகத் தோன்றும். சட்டப்படி நீங்கள் விற்பவரின் இடத்தில் போய் உட்காருகிறீர்கள். அவர் கொடுத்த வாக்குறுதிகளும் சேர்ந்தே வரும். இப்படிப்பட்ட விற்பனைகளில் என் மேஜைக்கு வரும் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: 20 ரூபாய் பத்திரத்தாள், பதினொரு மாதம் என்று போட்டு என்றைக்கோ காலாவதி ஆனது, வாடகைத் தொகை அடித்துத் திருத்தி ஓரத்தில் பேனாவால் புதுத் தொகை, கீழே ஒருவர் கையெழுத்து மட்டும். அட்வான்ஸ் எவ்வளவு என்று விற்பவர் ஒரு தொகை சொல்வார், குடியிருப்பவர் அதைவிடக் கூடச் சொல்வார். சில இடங்களில் அது வாடகையே கிடையாது; ஒத்திக்குப் பெரிய தொகை கொடுத்துவிட்டுக் குடியிருப்பார்கள். அந்தப் பணத்தைத் திருப்பித் தராமல் அவரை எழுப்ப முடியாது.

இதற்கு வழி இருக்கிறது. கிரயத்துக்கு முன்பே வாடகைதாரரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: மாத வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, எந்தத் தேதிவரை கட்டியாயிற்று, ஒத்தியோ வேறு ஒப்பந்தமோ இல்லை, இனி வாடகையைப் புது உரிமையாளருக்குத் தருகிறேன் என்று. அட்வான்ஸ் தொகையைக் கிரயத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள், அதைப் பத்திரத்திலும் எழுதுங்கள். கிரயமான கையோடு உங்கள் பெயரில் புது ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துவிடுங்கள். கடிதம் தர மாட்டேன் என்றால் காலி வீடாகக் கொடுங்கள் என்று விற்பவரிடம் சொல்லிவிடலாம். இன்னொன்று, பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றிய கட்டுமான அனுமதிகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. அந்த ஃபிளாட் அதற்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பெங்களூருவுக்கு வருகிறேன். அங்கே 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள வீட்டைத் தொடாது. எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த வாடகைக்கு ஒரு அறைகூடக் கிடைக்காது. ஆக நோட்டீஸ், சொத்து மாற்றுச் சட்டம், கோர்ட். உரிமையாளருக்கு இது மோசமான நிலை இல்லை. வாடகையைக் கட்டுப்படுத்த யாரும் வர மாட்டார்கள். ஆனால் பெரிய அட்வான்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கடன். ஆள் சாவியைக் கொடுக்கும் அன்றைக்கே எடுத்து வைக்க வேண்டும். ஷார்ஜாவில் இருந்துகொண்டு அந்தத் தொகையைத் தொடாமல் வைத்திருப்பீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவாக வைத்திருக்கிறது. வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் இடம் கொடுக்கிறது.

அங்கே சிரமம் சொத்தின் காகிதங்களில்தான். கட்டா என்பது உள்ளாட்சியின் சொத்துக் கணக்குப் பதிவு; அது முறையான ஏ கட்டாவா, குறையுள்ள பி கட்டாவா, மின்னணு வடிவமான இ-கட்டா வந்துவிட்டதா, கட்டடத்துக்குக் குடிபுகல் சான்று உண்டா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அந்தச் சான்று இல்லாமல் மின்சாரம், குடிநீர் இணைப்பு தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொன்னதிலிருந்து பெங்களூருவில் பல கட்டடங்கள் திண்டாடுகின்றன. இதையெல்லாம் கன்னடத்தில் இருக்கும் ஆவணங்களை வைத்துச் சரிபார்த்து, அப்புறம் நோட்டீஸ், வழக்கு என்று அலைய அங்கே உங்களுக்கு ஆள் இல்லை. நண்பன் வீட்டு விருந்துக்கு வருவான், வாய்தாவுக்கு வருவானா?

வரி விஷயம் எந்த ஊரில் வாங்கினாலும் ஒன்றுதான், நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. உரிமையாளர் இந்தியாவில் வசிப்பவராக இருந்தால், மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் தனிநபர் வாடகைதாரர் டிடிஎஸ் (வாடகையிலிருந்தே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டும். உங்களைப் போல வெளிநாட்டில் வசிக்கும் என்ஆர்ஐ உரிமையாளர் என்றால் அந்த வரம்பு கிடையாது. 18,000 ரூபாய் வாடகைக்கும் செஸ்ஸோடு 31.2 சதவீதம் பிடித்துக் கட்ட வேண்டும். அதற்கு வாடகைதாரர், வரி பிடிப்பவருக்கான டேன் எண் வாங்க வேண்டும். இதைக் கேட்டதும் பாதிப் பேர் வேறு வீடு பார்க்கப் போய்விடுவார்கள். ஆகவே வருமான வரி அலுவலரிடம் குறைந்த விகிதச் சான்றிதழுக்கு நீங்களே விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாகப் பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம். வாடகையில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு என்பதால் பெரும்பாலும் திரும்ப வரும். வாடகையைப் பொதுவாக உங்கள் என்ஆர்ஓ கணக்கில் (இந்திய வருமானத்துக்காக என்ஆர்ஐ வைத்திருக்கும் வங்கிக் கணக்கு) விழச் செய்யுங்கள்.

மனைவி பெயரில் வாங்கினால் டிடிஎஸ் தொல்லை குறையும், உண்மைதான். ஆனால் பணம் நீங்கள் கொடுத்தது என்றால் வாடகை வருமானம் வரிக்கணக்கில் உங்கள் தலையில்தான் சேரும். வரியை மிச்சப்படுத்த அந்த வழியில் போக வேண்டாம்.

தம்பிக்கு அதிகாரப் பத்திரம் கொடுங்கள்; வாடகைக்கு விட, ஒப்பந்தம் பதிவு செய்ய, வாடகை நீதிமன்றத்தில் நடத்த என்று மட்டும். விற்கும் அதிகாரம், அடமானம் வைக்கும் அதிகாரம் அதில் வேண்டாம். அவர் மேல் சந்தேகம் இருந்து சொல்லவில்லை. தேவையில்லாத அதிகாரத்தை எழுதிக் கொடுப்பானேன்? துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

கடைசியாக அந்த மூன்று போர்ஷன் வீடு. பெண்கள் தங்கும் விடுதி நடத்த 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். விடுதி நடத்துபவரிடம் அதன் நகலைக் கேளுங்கள். இல்லை என்றால் இப்போது வருவதாகச் சொல்லும் வாடகையை வைத்து விலை பேசாதீர்கள், குடும்பங்களுக்கு விட்டால் என்ன வரும் என்பதை வைத்துப் பேசுங்கள். அப்புறம் அங்கீகரித்த வரைபடத்தை வாங்கிக்கொண்டு தம்பியை வீட்டுக்கு அனுப்பி சமையலறைகளை எண்ணச் சொல்லுங்கள். வரைபடத்தில் இரண்டு, வீட்டில் மூன்று என்றால் ஒரு போர்ஷன் அனுமதி இல்லாமல் கட்டியது. மின் இணைப்பு எத்தனை, சொத்து வரி எத்தனை வீட்டுக்கு என்பதும் அதோடு ஒத்துப்போக வேண்டும். மனை 2016 அக்டோபர் 20க்கு முன் பிரித்து விற்ற அங்கீகாரமற்ற மனையாக இருந்தால் வரன்முறைப்படுத்திய ஆணை இருக்கிறதா என்று பாருங்கள். இவற்றோடு 30 வருட வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், விற்பவர் பெயரில் பட்டா. இத்தனையும் வந்து ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்கும்வரை டோக்கன் அட்வான்ஸ்கூட அனுப்ப வேண்டாம்.