காலையில் மட்டும் முரண்டு பிடிக்கும் டீசல் கார்: கேள்வி பதில்

டீசல் பம்ப், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வேலையில் கை கறுத்துப்போனவன் என்பதால் இந்தக் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். கேட்டவர்கள் பலர். புகார் ஒன்றுதான்: ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரே செல்ஃபில் எடுப்பதில்லை.

கேள்வி: அண்ணே, காலையில் நாலைந்து செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகுது. ஒருமுறை சூடாகிட்டா நாள் முழுக்கத் தொட்டாலே எடுக்குது. ஹீட்டர் பிளக் நாலையும் மாத்திடவா?

பொறுங்கள் தம்பி. ஹீட்டர் பிளக் என்பது ஸ்டார்ட் பண்ணுமுன் சிலிண்டருக்குள் சூடேற்றும் குச்சி, அவ்வளவுதான். கடைக்குப் போகுமுன் நாளைக் காலை ஒரு காரியம் செய்யுங்கள். வேறொருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சைலன்சர் பக்கம் போய் நில்லுங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் சிலிண்டருக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை. சூடு போதவில்லை என்று பொருள். ஹீட்டர் பிளக், செல்ஃப் சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தம்) மூன்றையும் சந்தேகப்படலாம். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. அப்போது ஹீட்டர் பிளக் மாற்றுவது, வயிற்று வலிக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்ட கதைதான்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16, 18 மடங்கு நெருக்கும்போது அது 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். இன்ஜின் குளிர்ந்து கிடந்தால் பிஸ்டனும் சிலிண்டர் சுவரும் அந்தச் சூட்டைக் குடித்துவிடும். செல்ஃபும் மெதுவாகச் சுற்றினால் காற்று பிஸ்டன் ரிங் வழியே நழுவ நேரம் கிடைக்கும். சூடான இன்ஜினில் இந்தக் குறைகள் எல்லாம் மறைந்துகொள்ளும். அதனால்தான் மதியம் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்கிறார். முந்தின நாள் இரவே அவரிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: டேஷ்போர்டில் ஹீட்டர் விளக்கு எரிந்து ஒழுங்காக அணைகிறது. அப்படியென்றால் பிளக்குகள் நன்றாக இருக்கின்றன என்றுதானே அர்த்தம்?

இல்லை. பல வண்டிகளில் அந்த விளக்குக்கும் பிளக்குக்கும் நேரடி உறவே கிடையாது. கணக்குப் போட்ட நேரம் முடிந்ததும் அணைந்துவிடும். நாலும் செத்திருந்தாலும் விளக்கு சமர்த்தாக எரிந்து அணையும்.

மல்டிமீட்டர் போதும். பிளக் மேலே உள்ள ஒயரையோ பட்டையையோ கழற்றிவிட்டு, பிளக் முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே ஓம்ஸ் பாருங்கள். பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓம்ஸ்க்குள் வரும். எதுவுமே காட்டவில்லையென்றால் அந்தப் பிளக் போய்விட்டது. மீட்டரின் இரண்டு முனைகளையும் முதலில் ஒன்றோடொன்று தொட்டு, அதில் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள். இவ்வளவு சின்ன அளவில் மீட்டர் ஒயரே கணக்கைக் கெடுத்துவிடும். பிளக் எல்லாம் சரி, ஆனால் சாவி போட்டால் கரண்ட் வரவில்லை என்றால் ரிலேயையும் ஃப்யூஸையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. புதிய வண்டிகள் சிலவற்றில் 12 வோல்ட்டைவிடக் குறைந்த வோல்டேஜில் வேலை செய்யும் பிளக்குகள் இருக்கின்றன. "சிவக்குதா பார்ப்போம்" என்று பேட்டரியில் நேராக வைத்தால் நல்ல பிளக்கும் எரிந்துபோகும். பிளக் உடம்பிலேயே வோல்டேஜ் அச்சடித்திருக்கும், படித்துப் பாருங்கள்.

கழற்றும்போது இன்ஜின் சூடாக இருக்கட்டும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். நான் ஒருமுறை வீம்புக்கு முறுக்கி, பிளக் பாதியில் முறிந்து, கடைசியில் இன்ஜின் ஹெட்டையே இறக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பேட்டரி புதுசு. ஆனாலும் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுது. செல்ஃப் மோட்டார் போயிடுச்சா?

பேட்டரி புதுசு என்பது ரசீது சொல்வது. மீட்டர் என்ன சொல்கிறது? சும்மா நிற்கும்போது 12.6 வோல்ட் அளவு இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி சரியில்லை, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கிறது.

வோல்டேஜ் நன்றாக நிற்கிறது, செல்ஃப் மட்டும் மந்தமா? மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடியுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயர் கெட்டிருக்கிறது, அல்லது அதன் போல்ட்டில் துரு. செல்ஃப் மோட்டாரை மூன்று முறை மாற்றி, கடைசியில் எர்த் போல்ட்டை உப்புத்தாளால் தேய்த்துச் சரியான வண்டியை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஆயிலையும் பாருங்கள். புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்க, "கெட்டியா இருந்தா நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் குளிரில் செல்ஃப் திணறத்தான் செய்யும்.

கேள்வி: என் வண்டியில் புகையே வருவதில்லை. பில்டர் மேலே இருக்கும் கை பம்பை நாலு அமுக்கு அமுக்கினால் உடனே எடுக்கிறது.

பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். லைனில் ஏர் பிடிக்கிறது. ராத்திரியில் டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. இதில் ஏமாற்றுவது என்னவென்றால், கீழே ஒரு சொட்டும் ஒழுகாது. பம்ப் டீசலை உறிஞ்சும் பக்கம் இது. ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது.

இன்றிரவு முன்பக்கம் தாழ்வாக, சரிவில் நிறுத்திப் பாருங்கள். டேங்க் உயரத்தில் இருப்பதால் டீசல் பின்னால் ஓடாது. காலையில் ஒரே செல்ஃபில் எடுத்தால் சந்தேகமே வேண்டாம். பிறகு பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு முழம் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூபைப் போட்டால் குமிழி ஓடுவது தெரியும். முதலில் பில்டர் ஓ-ரிங், அதன் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு, வெடித்த ரப்பர் ட்யூப், தளர்ந்த கிளிப். போன தடவை பில்டர் மாற்றிய பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்ததா? அப்படியானால் ஓ-ரிங்கைத் தாண்டிப் போகவே வேண்டாம்.

கேள்வி: ஸ்கேனர் போட்டுப் பார்த்து ரெயில் பிரஷர் வரவில்லை, நாலு இன்ஜெக்டரும் மாற்றணும் என்கிறார்கள். நம்பலாமா?

பிரஷர் வரவில்லை என்பதை நம்பலாம். எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் (அதுதான் ரெயில்) டீசலை அழுத்தி வைப்பது காமன் ரெயில் வண்டி. அதில் அழுத்தம் ஏறக்குறைய 200 பார் ஏறினால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். ஆனால் யார் அதை ஏறவிடாமல் தடுக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ட்யூபையும் (மிச்ச டீசல் திரும்பி வரும் குழாய்) தனித்தனி பாட்டிலில் விட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு நிரம்பினால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. நாலும் சமமாக, குறைவாக வந்தால் பம்ப், பிரஷர் வால்வு, மேலே சொன்ன ஏர்.

இன்னொன்று. தேய்ந்த இன்ஜெக்டர் பெரும்பாலும் சூட்டில்தான் அதிகம் படுத்தும், ஏனென்றால் சூடான டீசல் நீர்த்துப்போய் எளிதாகக் கசியும். குளிரில் மட்டும் தகராறு, சூட்டில் தங்கம் என்றால் எனக்கு இன்ஜெக்டர் மேல் சந்தேகம் குறைவு.

ஸ்கேனர் கையில் இருக்கும்போதே ஒன்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணுமுன் கூலன்ட், உள்ளே வரும் காற்று, டீசல் ஆகியவற்றின் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மட்டும் 80 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் சூடாக இருப்பதாக நினைத்து கம்ப்யூட்டர் ஹீட்டரைப் போடாது.

கேள்வி: ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா?

ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அடிக்காதீர்கள். அதில் இருக்கும் ஈத்தர் நேரம் தவறி வெடித்தால் பிஸ்டன் உடையும்.

கேள்வி: கடுங்குளிரில் டீசல் கட்டியாகுமாமே, மண்ணெண்ணெய் கலக்கலாமா?

டீசலில் உள்ள மெழுகு திரண்டு பில்டரை அடைத்துவிடும். அடையாளம் என்னவென்றால், வண்டி எடுத்துவிடும், சில நிமிடம் ஓடி நின்றுவிடும். குளிர்காலத்துக்கென்று வரும் டீசலைப் போடுங்கள். குளிர் மருந்து கலப்பதானால் மெழுகு திரளுமுன் கலக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், காமன் ரெயில் பம்புக்கு டீசல்தான் ஆயில், மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு கிடையாது.

கேள்வி: பிளக், பேட்டரி, ஏர் எல்லாம் பார்த்தாயிற்று. பழைய வண்டி. வெள்ளைப் புகை நிற்கவில்லை.

கம்ப்ரஷன் எடுங்கள். நல்ல இன்ஜினில் 25 முதல் 30 பார் வரும்; 20க்குக் கீழே போனால் குளிரில் எடுப்பது கஷ்டம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைவென்றால் முதலில் வால்வு கிளியரன்ஸ் (வால்வுக்கு விட்டிருக்கும் இடைவெளி) பாருங்கள். கூலன்ட்டும் குறைந்துகொண்டே வருகிறதா? ஹெட் கேஸ்கட் வழியே ராத்திரியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்குகிறதோ என்று பாருங்கள்.

கேள்வி: சாவியை ரெண்டு தடவை போட்டு ஹீட்டரைக் காய வச்சா எடுக்குது. இப்படியே ஓட்டலாமா?

ஓட்டலாம். ஆனால் பிளக் ஒன்றிரண்டு போய்விட்டது என்று அது சொல்கிறது. மீதியும் போகுமுன் மாற்றிவிடுங்கள். அதுவரை ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவே அரை நிமிடம் விடுங்கள்.